பரிபாடலில் வேண்டுதல்

தனிமனிதன் இறைவன்பால் வேண்டுவன யாவை, எம்முறையில் வேண்டுகின்றான் என்பவற்றுக்குப் பரிபாடலின் செவ்வேள் பாடல்களுள் இரண்டு சான்றாகின்றன. நல்லந்துவனாரின் 8ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தில் வழிபடுவோரைக் காட்டுகின்றது. மகப்பேறு விழைந்து கடன் நேர்வோர், பொருள்முயற்சி கைகூட விண்ணப்பிப்போர், போரில் வெற்றி வேண்டி அருச்சிப்போர் என நோக்கிற்கேற்ப முறையும் ஈண்டு வேறுபடுகின்றது. கடுவன் இளவெயினனாரின் 5ஆம் பாடலோ பொருளையும் பொன்னையும் நுகர்ச்சியையும் விலக்கி, அருள், அன்பு, அறம் என்னும் மூன்றையே இரக்கின்றது.

இதுகொண்டு முன்னதைத் தாழ்ந்தது என்றும் பின்னதை உயர்ந்தது என்றும் பகுத்தல் எளிது. ஆயின் அது பொருந்தாது என்பது எம் கருத்து. நல்லந்துவனார் அவ்வேண்டுநரை இகழ்ந்தாரல்லர். குன்றத்தின் சிறப்பிற்கே அவரை எடுத்துக்காட்டினார். இளவெயினனாரும் இரத்தலை விலக்கினாரல்லர், இரக்கப்படுவதையே மாற்றினார்.

வேறுபாடு பிறிதோரிடத்து உளது. முன்னதில் வேண்டுவோர் படர்க்கையில் நிற்கின்றனர். ஒவ்வொருவர் வேண்டுதலும் அவரவர் குறை தீர்தலோடு அமைகின்றது. பின்னதில் புலவர் தன்மைப் பன்மையில் பேசுகின்றார். அப்பன்மை பரிபாடற்கு மரபே எனினும், ஈண்டுப் பொருளொடும் இயைகின்றது. ஒருவர் பெறுதலால் மற்றவர்க்குக் குறையாதனவும், பிறர்பாற் செலுத்தியன்றி நிரம்பாதனவும் ஆகிய பண்புகளை வேண்டுங்கால் 'யாம்' என்பதே தகும். ஆதலின், தமக்கென வேண்டுதலே பிறர்க்கும் பயனாகும் நெறியை இப்பாடல் உணர்த்துகின்றது என்க.