அணங்கும் அடிதடியும்

தை, மாசி மாதங்களில் நாமகிரிப்பேட்டைக் காடுகளில் மஞ்சள் வெட்டி முடிந்து, கொப்பரையில் இட்டு வேகவைக்கும் இராக்காலங்களில், அடுப்பைச் சுற்றி அமர்ந்த பெரியவர்கள் சொன்ன பேய்க்கதைகளைச் சிறு பிராயத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அக்கதைகளில் வந்த பேய் ஒருவனையேனும் அடித்ததாகவோ தூக்கி எறிந்ததாகவோ எனக்கு ஞாபகமில்லை. புளியமரத்தடியில் அது சும்மா நின்றது என்பதோடு கதை முடிந்துவிடும். மிச்சத்தை வீடு திரும்பும் வழியில் எங்கள் நெஞ்சே இட்டுக்கட்டிக்கொள்ளும். ஆகவேதான், ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த 'முனி', 'காஞ்சனா' வரிசைப் படங்களைப் பற்றி, பேய்ப்படம் பார்க்கப் போய்ச் சண்டைப்படம் பார்த்துத் திரும்பினோம் என்று சிலர் சொல்லும் குறையை, வெறும் அலுப்பென்று தள்ளிவிடாமல் நிதானமாக எடைபோட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். தறுகண்மையைத் தன்னுள் கொண்ட பெருமிதத்தையோ வேறொரு மெய்ப்பாடாகவே நிறுத்தினார். இந்தப் பாகுபாட்டின் நுட்பம் நம் விஷயத்துக்கு மிகவும் பிரயோஜனப்படுவது. அஞ்சுகிறவன் தன் வலியின்மையை உணர்கிறான். பெருமிதம் கொள்கிறவன் தன் வலிமையை உணர்கிறான். ஒன்று வந்து அமர்ந்தால் மற்றது எழுந்து போக வேண்டியதே தவிர, இரண்டும் ஓர் ஆசனத்தில் இருக்கமாட்டா.

2007இல் வந்த 'முனி', இந்த இரண்டையும் ஒரே உடலில் அடுத்தடுத்துக் குடியேற்றிப் பார்த்த படம். பொழுது சாய்ந்தால் வாசலைத் தாண்டாத பயங்கொள்ளி ஒருவனைக் கதாநாயகனாக வைத்ததே, வீரமன்றி வேறறியாத நம் திரைக்கதாநாயகர்களின் நடுவே ஒரு புதுமை. வஞ்சகமாகக் கொல்லப்பட்ட முனியாண்டியாக ராஜ்கிரண் அவனுக்குள் புகும்போது, அது அவனுக்கு நேர்ந்த விபரீதமா, வாய்த்த துணையா என்று தெரியாமல் நாம் தவிக்கிறோம். அந்தத் தவிப்பே அப்படத்தின் ரசம். 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' இதையும் கடந்து சென்றது. பெற்றோரால் துரத்தப்பட்டு, தன்னைப் போன்ற இன்னொருத்தியைப் படிக்கவைத்து, அவள் மருத்துவமனை கட்டுவதற்கென்று வாங்கிய நிலத்துக்காகவே உயிரிழந்த ஒரு திருநங்கையாகச் சரத்குமார் நடித்தபோது, பேயைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்த சபை, அந்த நிலத்தைப் பறித்தவனைக் கண்டு அஞ்சத் தொடங்கியது. தொல்காப்பியரின் சொற்களில் கூறினால், அணங்கின்மேல் இருந்த அச்சம் கள்வர்மேலும் அதிகாரம் படைத்தவர்மேலும் இடம் பெயர்ந்தது. ஏழை எளியோர் வாழ்வில் மெய்யாகவே அச்சம் தருவது புளியமரமன்று, பத்திரத்தைக் கைப்பற்றும் செல்வாக்கே என்பதை இவ்வளவு ஜனரஞ்சகமாகச் சொன்ன பேய்ப்படம் அரிது. அதன் உச்சமும் அடிதடியில் இல்லை; வில்லன் நரசிம்மர் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள, உள்ளே புக இயலாத ஆவி வெளியே நின்று தெய்வத்திடம் நியாயம் கேட்கிறதே, அங்கேதான் இருக்கிறது.

இப்படங்களில் சிரிப்பு மிகுதி என்று குறை கூறுவாரும் உளர்; அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், போர்க்களத்தில் கூழ் அட்டுப் பரிமாறும் பேய்களை வைத்து நம்மைச் சிரிக்கவும் அருவருக்கவும் ஒருங்கே செய்தாரல்லவா? கதாநாயகனின் தாயாக வரும் கோவை சரளா மருமகளையும் இழுத்துக்கொண்டு இருட்டறைக்கு அஞ்சி ஓடும் காட்சிகள் அந்தப் பழைய மரபின் தூரத்து உறவே. சிரிப்பு அச்சத்தைச் சற்று ஒத்திப்போடுகிறதேயன்றி அழிப்பதில்லை. சிரித்துத் தளர்ந்த மனத்தில் அடுத்த திடுக்கிடல் இன்னும் ஆழமாகவே இறங்கும். ஆனால், திருநங்கை ஒருத்தியின் துயரத்துக்கு நம்மை அழவைத்த அதே படம், புடவையும் மஞ்சளுமாய் நிற்கும் ஆணின் கோலத்தைக் கேலிப்பொருளாக்கியும் சிரிப்பு வாங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

சிரிப்பு செய்யாத கேட்டைச் சண்டை செய்தது. 2015இன் இரண்டாம் 'காஞ்சனா'விலும் 2019இன் மூன்றாவதிலும் ஆவியின் கதையில் வரும் வீரனும் லாரன்ஸே, அந்த ஆவி புகும் உடலும் லாரன்ஸே. ராஜ்கிரணும் சரத்குமாரும் அந்நியராக உள்ளே வந்தபோது, இவன் இனி யார் என்ற திகில் இருந்தது. கதாநாயகனுக்குள் கதாநாயகனே புகும்போது அத்திகில் எங்கிருந்து வரும்? இரண்டாம் படத்தில் நித்யா மேனன் ஏற்ற கங்காவின் துயரம் தனித்து நிற்கக் கூடியதே. அதையும் பழிவாங்கும் வீரனின் ஆர்ப்பாட்டம் மூடிவிடுகிறது. ஆவி நம் பக்கத்து ஆயுதமாகிவிட்ட பிறகு, அடியாட்கள் ஆகாயத்தில் பறக்கப் பறக்க, பேய்மேலிருந்த அச்சம் முன்பே தொலைந்தது போதாதென்று, கொடியவர்மேலிருந்த அச்சமும் தொலைகிறது. பொம்மையைப் போல் வீசப்படுகிறவனிடம் யார் அஞ்சுவர்?

இவ்வழுக்கு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய நிறுவனமான காப்காம் 1996இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' என்ற கணினி விளையாட்டு, ஆடுகிறவனுக்கு எண்ணிக் கொடுத்த தோட்டாக்களையும், திரும்பவொண்ணாத குறுகிய தாழ்வாரங்களையும் கொண்டே உலகை நடுங்கவைத்தது. 2005இன் நான்காம் பாகம் துப்பாக்கிக்கு முதன்மை தந்தும் அச்சத்தின் கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. 2012இன் ஆறாம் பாகத்திலோ வெடிப்பும் துரத்தலுமே மிஞ்சின என்று விமர்சகர்கள் வருந்தினர். நிறுவனத்தார் அதை உணர்ந்தனர் போலும். 2017இன் ஏழாம் பாகத்தில் ஒரு சாமானியனை ஒரு பாழ்வீட்டுக்குள் ஏறக்குறைய வெறுங்கையனாக விட்டு, பழைய நடுக்கத்தை மீட்டனர். ஆயுதத்தைக் குறைத்தால் அச்சம் வளரும் என்பதே அதன் பாடம்.

சண்டையில்லாமல் தமிழ்ச் சபை அமர்ந்திருக்குமா என்று கேட்கலாம். 2012இன் 'பீட்சா'வையும் 2015இன் 'மாயா'வையும் இருட்டுக்காகவே அமர்ந்து பார்த்தவர்கள் நாம். மேலும், அடிதடியை அறவே ஒழிக்க வேண்டுமென்பதும் என் அபிப்பிராயமன்று. வாழ்நாளெல்லாம் அடிபட்டவன் திரையிலாவது ஒருமுறை திருப்பி அடிப்பதைக் காணும் ஆறுதல் அற்பமானதன்று. கேட்பதெல்லாம் அளவும் முறையும். பழங்கதையில் வரும் பழையனூர் நீலிப் பேய் எழுபது வேளாளரைத் தீப்பாயவைத்தது கண்ணீரால். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையின் பாவை உயிர் கொண்டது புன்னகையால். அதற்கெல்லாம் இவ்விருவரும் கை ஓங்கவில்லை.

முதல் படம் எந்தப் பெயரைச் சூடியதோ, அந்த முனி எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் முனியப்பனாக, உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் ஏந்திய அரிவாளுமாய் வெட்டவெளியில் வீற்றிருக்கிறார். இருட்டிய பின் அவ்வழியே போகிறவன் நடையை எட்டிப் போடுவது, அந்த அரிவாள் இன்னும் வீசப்படாமல் இருப்பதால்தான். காஞ்சனாவை மறுபடியும் எழுப்ப விரும்புகிறவர், அவள் கையிலுள்ள அரிவாளையும் கடைசிக் காட்சி வரை வீசாமல் வைத்திருக்கட்டும்.