பேசும் பித்தரும் பேசாத நோயாளியும்

ஹிஜ்ரி 406-இல் மறைந்த அபுல் காசிம் நைசாபூரி 'உகலாவுல் மஜானீன்' என்றோர் அரபு நூல் யாத்தார். 'அறிவுடைப் பித்தர்கள்' என்பது அதன் பொருள். பஹ்லூல், மஜ்னூன் முதலானோரின் கூரிய மொழிகள் அதில் நிரம்பியுள்ளன. உலகம் எள்ளி நகைத்தோரின் பேச்சுக்குச் செவி சாய்த்த பெருந்தன்மையே அந்நூலின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை உண்டு. அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் அழகுறப் பேசத் தெரிந்தவர்களே. மூலையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் மகனுக்கு அங்கே இடமில்லை.

நாமும் அவ்வாறே செய்கிறோம். குணங்குடியார்க்கு வழங்கிய 'மஸ்தான்' என்னும் பட்டம் இறைக்காதலில் மெய்மறந்தோரைக் குறிப்பது. தெருவில் திரியும் நோயாளியையும் அப்பெயரால் அழைத்து வணங்கிவிடுகிறோம். அல்லது ஜின் பிடித்தவர் எனக் கட்டிவைக்கிறோம். இரண்டிலும் நோயாளி மறைந்துபோகிறார்.

மனச்சிதைவு என்பது ஒருவருள் இருவர் வாழ்வதன்று. ஆளில்லாக் குரல் காதில் கேட்கும். உற்றார் மீதே ஐயம் எழும். எண்ணங்களின் கோவை அறுபடும். குளிக்கவும் பேசவும் ஊக்கமற்றுப் போவதும் நோயின் கூறே; அது சோம்பலன்று. பெரும்பாலும் இளமைப் பருவத்தில் தொடங்கும். பெற்றோரின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. 1950-களில் மருந்துகள் வந்தன. உரிய காலத்தில் தொடங்கி இடைவிடாது உட்கொண்டால் பலர் நலம் பெறுகின்றனர்.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இன்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவுடன் மருந்தும் வழங்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. நம்பிக்கையும் மருத்துவமும் பகையல்ல என்பதற்கு அதுவே சான்று.

'மஜ்னூன்' என்பது மக்கத்துக் குறைஷிகள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதே வீசிய சொல். 'கலம்' அத்தியாயம் அதை மறுத்தது. அச்சொல்லை அடுத்த வீட்டுப் பிள்ளை மீது வீச நமக்கு எப்படி நா எழுகிறது? சித்தம் கலங்கியோரின் வினைகளுக்கு மார்க்கம் குற்றம் எழுதுவதில்லை. அவ்வாறிருக்க, பேகம்பூர்த் தெருவில் பெண் கேட்டு வருவோருக்கு அஞ்சி, நோயுற்ற அண்ணனை உள்ளறையில் மறைத்து வைக்கும் வீட்டாருக்கு அந்த அச்சத்தைத் தந்தவர்கள் யார்? நாமன்றோ!

நைசாபூரி பேசியோரின் சொல்லைத் தொகுத்தார். பேசாதோரின் துயரறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை. வல்ல அல்லாஹ் அதற்கு அருள்வானாக!