பிழைக்கு அடுத்த பந்து

பத்து வாய்ப்புகளை வீணடித்த முன்களவீரர் பதினொன்றாவதில் கோல் போட்டுவிட்டால், மறுநாள் செய்தித்தாளில் அவர் படம்தான் வரும். தடுப்பாட்டக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. எண்பது நிமிடம் குறையில்லாமல் ஆடியவர் ஒரு பந்தை அரைமனதாக உதைத்தால் போதும், ஆட்டம் முழுக்க அவர் கணக்கில் எழுதப்படும். அதனால் ஒரு தடுப்பாட்டக்காரரின் தரத்தை அறிய நான் பார்ப்பது, பிழை செய்தபின் அவரிடம் வரும் அடுத்த பந்தை அவர் எப்படி ஆடுகிறார் என்பதைத்தான். அந்த அடுத்த பந்தை ஆடுவதில் ஜப்பானின் மாயா யோஷிடாவைப் போல என்னை வியக்க வைத்தவர் வேறு யாருமில்லை.

1988இல் நாகசாகியில் பிறந்தவர். நகோயா கிராம்பஸ் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்து, 2010இல் நெதர்லாந்தின் வென்லோவுக்குப் போனார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குத் தலைமை தாங்கி நான்காம் இடம் பிடித்த கையோடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அவரை எடுத்துக்கொண்டது. மாற்று வீரராக இறங்கிய முதல் பிரீமியர் லீக் ஆட்டத்திலேயே ஆர்சனலிடம் 6-1 என்ற தோல்வி. அந்த லீக்கில் அவர் தொடங்கியது அப்படி. ஆனால் அதே லீக்கில் 150 ஆட்டங்களைத் தாண்டிய பிறகுதான் அவர் வெளியேறினார்.

சவுத்தாம்ப்டனில் அவருக்கு இடம் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. தடுப்பு வரிசைக்கு லோவ்ரென் வந்தார், ஆல்டர்வைரெல்ட் வந்தார், வான் டைக் வந்தார். ஒவ்வொருவரும் வந்தபோது யோஷிடா பெஞ்சுக்கு நகர்ந்தார். அவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள், யோஷிடா இருந்தார். 2017 ஜனவரியில் கேப்டன் ஃபோன்டே விலகினார், வான் டைக் காயமடைந்தார். லீக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில். இளம் ஜாக் ஸ்டீஃபன்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோஷிடா லிவர்பூலை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-2 எனத் தோற்கும்வரை, அந்தக் கோப்பையில் சவுத்தாம்ப்டன் ஒரு கோலும் வாங்கியிருக்கவில்லை.

189 செ.மீ. உயரம் அவருக்கு உதவியது உண்மை. 2011 ஆசியக் கோப்பையில் ஜோர்டானுக்கு எதிராகத் தோல்வி விளிம்பில் நின்ற ஜப்பானை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டிக் காப்பாற்றியவர் அவர்தான். ஆனால் அவர் ஆட்டத்தில் என்னை ஈர்ப்பது நிற்கும் விதம். எதிராளி பந்தோடு வரும்போது அவர் மார்பை நேராகக் காட்டுவதில்லை. தோளைச் சற்றுத் திருப்பி, ஒரு காலைப் பின்வைத்து நிற்பார். எந்தப் பக்கம் ஓட வேண்டி வந்தாலும் பாதித் திரும்பல் அப்போதே முடிந்திருக்கும். மின்னல் வேகம் இல்லாத ஒருவர் ஐரோப்பாவின் வேகக்காரர்களோடு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஈடுகொடுத்தது இந்தச் சிறு ஆயத்தத்தால்தான். முன்கூட்டிப் படித்து முன்னே பாய்ந்து பந்தை வெட்டுவது அவருடைய இன்னொரு அழகு. அந்தப் பாய்ச்சல் தப்பினால் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் செய்த பிழைகள் பலவும் இந்தத் துணிச்சலின் விலை என்றே நினைக்கிறேன்.

பிழைகள் பெரிய மேடைகளில் நடந்தன. 2011 ஆசியக் கோப்பைக் காலிறுதியில் கத்தாருக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு ஜப்பான் வென்றது. இறுதி ஆட்டத்துக்குத் திரும்பிய யோஷிடா, ஆஸ்திரேலியாவை ஒரு கோலும் போடவிடாத தடுப்பு வரிசையில் இருந்தார். 2019இல் அதே கோப்பையின் இறுதியில் அவர் கையில் பந்து பட்டுப் பெனால்டி. கோப்பை கத்தாருக்குப் போனது.

2022 நவம்பர் 27, கத்தார் உலகக் கோப்பை. ஜெர்மனியை வீழ்த்திய ஜப்பான், கோஸ்டா ரிகாவோடு 0-0 என்று நிற்கிறது. 81ஆவது நிமிடத்தில் பந்தைத் தூர உதைத்துத் தள்ளுவதற்குப் பதில், கேப்டன் யோஷிடா அதை மெல்லத் தூக்கிச் சக வீரருக்குத் தர முயன்றார். பந்து எட்டவில்லை. எதிரணி பறித்தது, ஃபுல்லர் கோல் போட்டார். ஜப்பான் தோற்றது.

நான்கு நாள் கழித்து ஸ்பெயின். ஜப்பானிடம் பந்து இருந்தது ஆட்டத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு நேரம் மட்டுமே. இடைவேளைக்குள் இதாகுரா, தானிகுச்சி, யோஷிடா என்று மூன்று சென்டர் பேக்குகளும் மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஜப்பான் இரண்டு கோல் போட்டு முந்தியது. மீதி நாற்பது நிமிடம் முன்னிலையைக் காக்க வேண்டும். ஒரு தவறான டேக்கிள் வந்தால் ஆள் வெளியே. காலை நீட்டாமல் இடத்தை மறைத்தே தடுக்க வேண்டிய நிலை. அந்த மூவரில் நடுவில் நின்று வரிசையை ஏற்றி இறக்கியவர் யோஷிடா. ஸ்பெயினால் சமன் செய்ய முடியவில்லை. நான்கு நாளுக்கு முன் நாடே குறைசொன்ன மனிதர், எந்தத் தயக்கமும் தெரியாமல் ஒவ்வொரு பந்துக்கும் போனார். இதைவிட உயர்ந்த தடுப்பாட்டத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த சுற்றில் குரோஷியாவோடு பெனால்டி. யார் உதைப்பது என்பதைப் பயிற்சியாளர் மொரியாசு வீரர்களின் விருப்பத்துக்கே விட்டார். யோஷிடா முன்வந்தார், கோல்கீப்பர் தடுத்தார். ஜப்பான் வெளியேறியது.

இத்தாலியில் பயிற்சியாளர் ராணியேரியின் சாம்ப்டோரியா, ஜெர்மனியில் தரமிறங்கிய ஷால்கே என்று சுற்றிவிட்டு, 2023இல் அமெரிக்காவின் எல்ஏ கேலக்ஸிக்குப் போனார். 2024 டிசம்பரில் நியூயார்க் ரெட் புல்ஸை 2-1 என வென்று, பத்தாண்டுக்குப் பின் அந்தக் கிளப்புக்கு எம்எல்எஸ் கோப்பை கிடைத்தது. அதைக் கேப்டனாகத் தூக்கியபோது அவருக்கு வயது 36.

கோல் தொகுப்புகளில் யோஷிடாவைத் தேடாதீர்கள்; அங்கே அவருடைய தவறுகள்தான் கிடைக்கும். ஸ்பெயின் ஆட்டத்தின் முழுப் பதிவு கிடைத்தால் இரண்டாம் பாதியைப் போடுங்கள். பந்தை விட்டுவிட்டு, ஜப்பானின் 22ஆம் எண்ணை மட்டும் பாருங்கள்.