பாத்திர ஆட்டங்களில் கூட்டாளியிடம் திருடுதல்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் பாத்திர ஆட்டம் எனப்படுகிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என ஒரே அணியாகப் பயணம் போவார்கள். அந்த அணிக்குள்ளேயே ஒருவன் இன்னொருவன் பையில் கைவிட்டால் என்ன செய்வது என்பது இவ்வகை ஆட்டங்களில் நெடுநாளாகத் தீராத வழக்கு. இதற்கான விடையை விதிநூல்கள் தவறான இடத்தில் தேடின என்பது இக்கட்டுரையின் கருத்து. பிள்ளைகளின் சீட்டு விளையாட்டு, திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து என்ற நம்மூர் ஆட்டங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

சீட்டில் வரும் திருடன்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ராஜா ராணி ஆட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். திருடனுக்குச் சுழியம். போலீஸ் சீட்டு எடுத்தவன் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத் திருடன் யாரென்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் போலீசின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும்.

ஆக, இங்கும் ஓர் ஆட்டக்காரனின் பொருள் இன்னோர் ஆட்டக்காரனுக்குப் போகிறது. ஆனாலும் இதனால் நட்பு முறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ராசிபுரம் பக்கம் நாங்கள் ஆடியபோது, திருடன் சீட்டு வந்தாலே சிரித்துவிடும் பையன் ஒருவன் இருந்தான். அவனைப் பிடித்துக் கொடுக்கப் போலீசுக்கே மனம் வராது. திருடன் ஆவதை இங்கு யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டு தருகிறது. அடுத்த குலுக்கலில் அந்த வேடம் வேறொருவனுக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த வட்டத்தில் ஒரு திருடன் இருக்கிறான் என்பதை எல்லோரும் அறிந்தே உட்காருகிறார்கள். யார் என்பது மட்டும்தான் மறைவு.

திருடன் என்ற வகுப்பு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் முதலில் திருடன் இல்லை. 1975இல் வந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூலில்தான் அவன் தனி வகுப்பாக நுழைந்தான். 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி, முதல் நிலையில் உள்ள மனிதத் திருடன் பிறர் பையில் கைவிட்டு வெற்றிபெற 30 சதவீத வாய்ப்பு உண்டு. நிலை உயர உயர அந்த எண்ணும் உயரும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் திருடன் என்ற வகுப்புப் பெயர் மறைந்து, போக்கிரி என்ற பொருளுடைய பெயர் வந்தது. பெயர் மாறினாலும் பழக்கம் போகவில்லை.

இதைவிடப் பெரிய வினையை 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் கதைகள் கொண்டுவந்தன. அதில் கெண்டர் என்றொரு குள்ள இனம். அவர்களுக்குத் தீய எண்ணம் கிடையாது, ஆனால் பார்த்த பொருளெல்லாம் அவர்கள் பைக்குள் போய்விடும். நாவலில் படிக்கும்போது குழந்தைத்தனம், இனிமை. மேசையில் அதுவே ஒருவர் மற்ற நால்வரைத் தொல்லை செய்வதற்கான உரிமச் சீட்டாகிவிட்டது. “என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்” என்ற சாக்குக்குப் பின்னால் ஒளிய இதைவிட வசதியான இனம் வேறில்லை.

சீட்டுத் திருடன் எடுப்பது இரண்டு நிமிட மதிப்பெண். இங்கே களவு போகும் மந்திரக்கோலோ, ஒருவர் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துச் சம்பாதித்தது. பகடை உருட்டி வென்றுவிட்டதால் நியாயம் நடந்துவிட்டது என்கிறார்கள். பறிகொடுத்தவரின் நிலையை யோசியுங்கள். திருடியது யார் என்று அவருக்குக் கண்ணெதிரே தெரியும். அவருடைய பாத்திரத்துக்குத் தெரியாது என்பதால், ஒன்றும் தெரியாதவர்போல அந்தத் திருடனோடு சேர்ந்து அவர் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். களவைவிட இந்த நடிப்புத்தான் அதிகம் உறுத்தும். துண்டுக் காகிதத்தில் எழுதிக் கதை நடத்துபவரிடம் இரகசியமாகக் கொடுத்துத் திருடினால், அந்த உறுத்தல் தள்ளிப்போகுமே தவிரத் தீராது.

கதைக்குள்ளேயே தண்டிப்பது இன்னொரு வழி. திருடிய மோதிரம் சாபம் பெற்றதாக இருக்கும், அல்லது காவலர்கள் வந்து பிடித்துப்போவார்கள். இதை நான் மோசமான தீர்வு என்பேன். ஆட்டக்காரர்களுக்கு இடையிலான பேச்சைப் பாத்திரங்களின் தலையில் கட்டுகிறது. அடிபட்ட திருடன் அடுத்த வாரம் பழிவாங்கத்தான் வருவான். முழுத் தடை நேர்மையானது, பல மேசைகளுக்கு அதுவே போதும். ஜான் ஹார்ப்பர் உருவாக்கிய பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டம் வேறு வழி காட்டியது. அதில் அணி முழுவதுமே திருடர்கள்தான், களவு வெளியே ஊருக்குள் நடக்கிறது.

பகடை பதில் சொல்லாத கேள்வி

பகடையால் பொருளைப் பறிக்கும் கதை நமக்குப் புதிதல்ல. துகிலுரிதல் கூத்தில் சகுனியின் பகடை ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டே போகிறது. சபையில் திரௌபதி கேட்பது பகடை சரியாக விழுந்ததா என்பதல்ல. தன்னையே முன்பு தோற்றுவிட்ட தருமனுக்கு அவளைப் பணயம் வைக்கும் உரிமை இருந்ததா என்பது. கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பொருளைப் பணயமாக வைக்கலாமா என்பதை அது சொல்லாது. 30 சதவீதம் என்று எழுதிய விதிநூல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நின்றது.

கூத்துக்காரர்கள் இந்த இரண்டாவது கேள்வியை மேடையிலேயே கையாள்கிறார்கள். வடதமிழகக் குழுக்கள் பலவற்றில், துச்சாதனன் சேலையில் கைவைக்கும் முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றப்படும். துச்சாதனனாக வந்தவர் வேடத்திலிருந்து விலகி, அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பார். பிறகே வேடம் திரும்பவும் தொடரும். இதைப் பக்தி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். செய்யப்போவது துச்சாதனன், நான் அல்ல என்பதை எதிரே நிற்பவருக்கும் திடலுக்கும் அந்த நடிகர் தெரிவித்துக்கொள்கிறார்.

மேசையிலும் தேவைப்படுவது இதுதான். திருட நினைப்பவர் பகடையைத் தொடும் முன் பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் மந்திரக்கோலை என் ஆள் எடுக்கட்டுமா என்று எதிரில் இருப்பவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. சரி என்றால், பிடிபடுவானா இல்லையா என்பதையும் பறிகொடுப்பவரே தீர்மானிக்கட்டும். கேட்டுவிட்டால் திடுக்கிடல் போய்விடுமே என்பார்கள். துகிலுரிதலில் என்ன நடக்கும் என்று தெரியாமல் யாரும் பாய் விரித்து உட்காருவதில்லை. விடியும்வரை அவர்கள் எழுந்து போவதுமில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்மையானது. நம்மவர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். நண்பன் கேட்கிறானே என்ற தாட்சண்யத்தில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புழுங்குவார்கள். அதனால் அந்தக் கேள்வியை நடு ஆட்டத்தில் கேட்காமல் முதல் நாளிலேயே கேட்பது நல்லது, அதுவும் சீட்டில். ஆளுக்கொரு தாள் கிழித்து, அணிக்குள் திருட்டு வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போடலாம். ஒரே ஒரு சீட்டில் வேண்டாம் என்றிருந்தாலும் வேண்டாம்தான். எழுதியவர் யார் என்று எந்தப் போலீசும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.