மூக்கொலியும் பிரதேச வழக்கும்: ஓர் அளவுகோல் பற்றிய விமர்சனம்

பேச்சின் மூக்கொலித் தன்மையை எண்ணால் அளக்கும் முயற்சி பேச்சுச் சிகிச்சைத் துறையிற் பெருமதிப்புப் பெற்றுள்ளது. 1970இல் அமெரிக்கரான சாமுவேல் பிளெச்சர் அறிமுகஞ் செய்த டோனார் என்னுங் கருவியும், அதன் வழியில் 1980களில் வந்த நாசோமீட்டரும் இம்முயற்சியின் பேறுகளாகும். மூக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு தகடு. அதன் மேலும் கீழும் ஒவ்வோர் ஒலிவாங்கி. மூக்குவழி வரும் ஒலிச்சக்தியை இருவழியாலும் வரும் மொத்தச் சக்தியால் வகுத்து நூற்றாற் பெருக்கக் கிடைப்பதே 'நாசலன்ஸ்' எனப்படும் எண். அண்ணப் பிளவுடன் பிறந்து சத்திர சிகிச்சை பெற்ற பிள்ளையின் மெல்லண்ணம் மூக்குவழியைச் சரிவர மூடுகின்றதா என்பதை அறிய இவ்வெண் துணைபுரிகின்றது. மீண்டும் ஒரு சத்திர சிகிச்சை வேண்டுமா என்ற தீர்மானத்திலும் இதற்குப் பங்குண்டு. ஆகவே, இவ்வெண் எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்பது வெறும் ஏட்டு வினாவன்று.

ஆங்கிலத்தில் இதற்கெனச் சில வாசிப்புப் பகுதிகள் வழக்கிலுள்ளன. மிருகக்காட்சிச்சாலை பற்றிய பகுதியில் மூக்கொலி மெய் ஒன்றேனும் இல்லை. வானவில் பற்றிய பகுதியில் அவை இயல்பாகக் கலந்து வரும். மூன்றாவது, அம்மெய்கள் செறிந்த வாக்கியத் தொகுதி. குறைபாடற்றோரிடம் முதலாவது 15ஐ அண்டியும் மூன்றாவது 60ஐ அண்டியும் அமையும் என்பது பொதுக் கணிப்பு.

1991இல் சீவர், டால்ஸ்டன், லீப்பர், அடம்ஸ் ஆகியோர் நான்கு பிரதேசங்களைச் சேர்ந்த குறைபாடற்ற 148 வளர்ந்தோரிடம் இப்பகுதிகளை வாசிப்பித்து அளந்தனர். அமெரிக்காவின் நடு அத்திலாந்திக் பிரதேசத்தாரின் எண்கள் மூன்று பகுதிகளிலும் ஏனையோரினும் உயர்ந்திருந்தன. ஈண்டு கருதத்தக்கது 'மூன்றிலும்' என்பதே. வேறுபாடு மூக்கொலி மெய்களில் மட்டும் தங்கியிருப்பின், அவை அறவே இல்லாத முதற் பகுதியில் அது மறைந்திருத்தல் வேண்டும். மறையவில்லை. எனவே அதனை உயிரொலிகளிலே தேடவேண்டியுள்ளது. மூக்கொலி எழுத்துக்களை நீக்கிவிட்டாற் பிரதேச வழக்கையும் நீக்கியதாகிவிடும் என்ற நம்பிக்கை இதனால் ஆட்டங் காண்கின்றது. எனினும், முழுப் பகுதிக்கும் ஒரே சராசரி காணும் இம்முறையில், எவ்வுயிர் எச்சூழலில் மூக்கொலி பெற்றது என்பது புலப்படுவதில்லை. இது அவ்வாய்வின் குறை மட்டுமன்று; கருவியைக் கையாளும் முறையின் குறையுமாகும்.

தமிழுக்கு இத்தகைய பகுதியொன்றை ஆக்க முற்படுவோர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்றல் நன்று. நன்னூலார் மெல்லினத்துக்கு மூக்கை இடமாக வகுத்தார். ஆனால் மூக்குயிருக்குத் தமிழ் நெடுங்கணக்கில் தனியெழுத்தில்லை. தமிழகப் பேச்சில் 'மரம்', 'வந்தான்' என்பவற்றின் ஈற்று மெய் கெட்டு, முன்னின்ற உயிர் மூக்கொலி பெறுவது பெருவழக்கு. யாழ்ப்பாணப் பேச்சிலோ அம்மெய் தெளிவாக ஒலிக்கக் கேட்கலாம். ஏட்டில் ஒரே சொல். கருவிக்கு இரு வேறு ஒலிகள். சென்னையிற் பெறப்பட்ட சராசரியை யாழ்ப்பாணப் பிள்ளைமேற் சுமத்தினால், குறையற்ற பிள்ளை நோயாளியாகவோ, சிகிச்சை வேண்டிய பிள்ளை குணமடைந்ததாகவோ கணிக்கப்படலாம்.

மெல்லினமே வராத பகுதியை எழுதுவதும் எளிதன்று. அப்பாவும் அக்காவும் அதில் வரலாம். அம்மா, அண்ணா, தம்பி, மாமா எவரும் வர இயலாது. 'நான்' என்று பிள்ளை தன்னைச் சுட்டவும் வழியில்லை. மேலும், 'தம்பி' என்பதிற் போலப் பகரம் அதிர்வுடன் ஒலிப்பது தமிழ்ச் சொற்களிற் பெரும்பாலும் மெல்லினத்தின் பின்னரே. மெல்லினத்தை விலக்குவோர் அவ்வொலியையும் உடன் விலக்கிவிடுகின்றனர். ஆங்கிலப் பகுதிக்கு இவ்விழப்பு இல்லை.