எல்லைக்குள் விளைந்த இசை: கோஜி கோண்டோ

பிறிதொரு பயனுக்குத் துணைநிற்கும் இசையைக் கலையென ஏற்கலாமா என்னும் வினா பழைமையானது. ஏற்றப்பாட்டும் தாலாட்டும் பயன் கருதிப் பிறந்தவையே. அவற்றை இலக்கியமெனப் போற்ற நாம் தயங்குவதில்லை. ஆயின் வீடியோ விளையாட்டின் இசையை மட்டும் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுகிறோம். அது முறையன்று என்பதற்கு ஜப்பானிய இசையமைப்பாளர் கோஜி கோண்டோவின் பணி தக்க சான்றாகும்.

1961ஆம் ஆண்டு நகோயாவில் பிறந்த கோண்டோ, ஒசாகாக் கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1984இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் ஃபேமிகாம் என்னும் விளையாட்டுப் பொறி அவருக்கு அளித்த வசதி மிகச் சிறிது. மெட்டுக்கு இரண்டு குரல்கள், கீழ்ச்சுருதிக்கு ஒன்று, தாளத்திற்கு ஓர் இரைச்சல் ஒலி. ஏறத்தாழ இவ்வளவே. கதைமாந்தன் தாவும்போது எழும் ஒலியும் இக்குரல்களுள் ஒன்றையே இரவல் பெற்றாக வேண்டும்.

1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு அவர் முதலில் அமைத்த மெட்டு, மாரியோ ஓடித் தாவும் விரைவோடு இயையவில்லை. அதனைக் கைவிட்டு, திரையில் அசைவைக் கண்டபின் புதிதாக அமைத்தார். ஆகவேதான் ஆடுவோரின் கையசைவே அம்மெட்டில் தாளமாகிறது. நீருக்கடியில் மூன்றெண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ் நடை மிதக்கிறது. நிலத்தடியிலோ மௌனத்தினிடையே சில சுரங்கள் மட்டும் ஒலிக்கின்றன. குறைந்த குரல்களைக் கொண்டு இடத்தின் இயல்பை உணர்த்தும் திறம் இது. வெண்பாவுக்குத் தளை உண்டு. ஆயினும் அது நற்புலவனைக் கட்டிப்போடுவதில்லை என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

1986இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' விளையாட்டின் தொடக்கத்திற்குப் பிரெஞ்சு இசைமேதை ராவலின் 'பொலேரோ'வைப் பயன்படுத்த எண்ணியிருந்தனர். பதிப்புரிமை இன்னும் முடியவில்லை எனத் தெரியவந்ததும், தாம் முன்பே அமைத்திருந்த மெட்டொன்றை ஓரிரவில் மாற்றியமைத்துக் கொடுத்தார் கோண்டோ. இடையூறு நேர்ந்திராவிடில் அவ்விளையாட்டின் அடையாளமாகிய அத்தொடக்க இசை பிறந்தேயிராது.

இவ்விசைக்கு இயல்பாகவே ஓர் இடர் உண்டு. ஆடுவோர் எப்போது நகர்வார் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியாது. ஒரே மெட்டு நூறுமுறை ஒலித்தாலும் சலிப்பூட்டலாகாது. 1998இல் வெளிவந்த 'ஒகாரினா ஆஃப் டைம்' இதற்கு விடை காண்கிறது. பரந்த வெளியின் இசையைச் சிறு சிறு பகுதிகளாக அமைத்து, அவை வரிசை மாறி ஒலிக்கச் செய்தார். பகைவர் நெருங்கினால் இசை பதறுகிறது. ஆடுவோர் அசையாது நின்றால் அடங்குகிறது. மேலும், ஐந்தே சுரங்கள் கொண்ட குழலொன்றை ஆடுவோரே இசைத்து மழையை வருவிக்கின்றனர்; பகலை இரவாக்குகின்றனர். கேட்போரே இசைப்போராகும் நிலை இது.

குறையொன்றும் கூறுதல் வேண்டும். பழைய மெட்டுகள் தொடர்ந்து வரும் விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன. நாம் மகிழ்வது இசையாலா, இளமை நினைவாலா என்று பிரித்தறிதல் அரிதாகிறது. ஆயினும் நினைவில் தங்கும் மெட்டை இயற்றுதலே அரிய செயலன்றோ?

2023ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் மாரியோவின் இசையைத் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசையொன்று அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை. அத்தகைய ஏற்பு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த இடத்தைக் கொண்டு கலையை அளவாமல், தன் எல்லைக்குள் அது எதை விளைவித்தது என்று நோக்குதலே திறனாய்வின் கடமையாகும்.