அரக்கின் ஆழம்

அரக்குச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதென்றால் அம்மா கடைக்குள் நின்று முடிவு சொல்ல மாட்டாள். சேலைத் தலைப்பையும் துணியையும் அள்ளிக்கொண்டு வாசல்படிக்கு வந்துவிடுவாள். உள்ளே ட்யூப் லைட்டில் ஒன்றாகவே தெரிந்த இரண்டும் வெயிலில் பிரிந்து நிற்கும். ஒன்றில் லேசாக நீலம் கசியும். மற்றதில் செங்கல் சாயல் தட்டும். "ரெண்டுமே மெரூன்தாம்மா" என்பார் கடைக்காரர். "மெரூன் சரி, இது அரக்கு இல்லையே" என்பாள் அம்மா.

மிளகாய்ப்பழச் சிவப்பு தானாக வந்து கண்ணில் விழும். அரக்கு அப்படியில்லை, நாம்தான் அதற்குள் இறங்க வேண்டும். புரசு மரக் கிளைகளில் அப்பிக்கொண்டு வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினின் பெயர்தான் இந்த நிறத்துக்கும். சுரண்டியெடுத்துக் கழுவினால் தண்ணீர் சிவக்கும். அந்தச் சாயம் படிகாரத்தோடு சேர்ந்தால் பட்டில் ஆழ்ந்த சிவப்பாகப் பிடிக்கும். இரும்பு கலந்தால் கறுத்துப்போகும்.

கணினிக்கு மெரூன் என்றால் #800000. சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0. உச்ச அளவு 255 என்பதால் இதைப் பாதிச் சிவப்பு என்று நினைப்போம். ஆனால் முழுச் சிவப்புக்குத் திரை தரும் ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதம்தான் இதற்குச் செலவாகிறது. இருட்டுப் பக்கத்து நுணுக்கங்களைக் கண் கூர்ந்து பிரித்தறியும் என்பதால் எண்களை அதற்கேற்ப இடைவெளிவிட்டு அடுக்கியிருக்கிறார்கள். இதே பெயருக்கு எக்ஸ்11 என்ற இன்னொரு கணினி நிறப் பட்டியலில் இருப்பது 176, 48, 96. அது ரோஜாவும் ஊதாவும் ஏறிய வேறொரு சிவப்பு. அம்மாவிடம் காட்டினால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். இணையத் தரத்தில் 128 நிலைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

என் மனதுக்கு நெருக்கமான கணக்கு நிறங்களை அளக்க 1976இல் வந்த சிஐஇ லேப் முறை. அதில் இந்த மெரூனுக்கு மூன்று எண்கள்: வெளிச்சம் 25.5, பச்சை–சிவப்பு அச்சில் 48, நீலம்–மஞ்சள் அச்சில் 38. அந்த மூன்றாவது எண்ணைப் பாருங்கள். சிவப்புக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் அது. அதுதான் செங்கல் சாயல். எண் இறங்க இறங்க நீலம் கசியத் தொடங்கும். வாசல்படியில் அம்மா தேடியது இந்த அச்சைத்தான்.

முதல் எண்ணில் இன்னொரு அழகு. 25.5 என்பது தனியாக நிற்கும் அளவல்ல. வெள்ளையை 100 என்று வைத்துக்கொண்டு சொல்வது. இருட்டறையில், கறுத்த திரையில் #800000 சதுரம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மங்கலான சிவப்பு விளக்குதான் தெரியும். சுற்றிலும் வெள்ளையை நிரப்புங்கள், சட்டென்று அது அரக்காகிவிடும். வானவில்லில் எங்கு தேடினாலும் இந்த நிறம் கிடைக்காது. பக்கத்தில் தன்னைவிட வெளிச்சமாக ஒன்று இருந்தால்தான் அது பிறக்கிறது.

அம்மாவின் கல்யாணச் சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது. மடிப்பை விரித்தால் கரையை ஒட்டிய இரண்டு விரல் அகலம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரியும். உள்ளங்கையால் கரையை மறைத்துப் பார்த்தேன். அந்தக் கறுப்பு கலைந்துவிட்டது. கையை எடுத்ததும் ஜரிகை மினுங்க, அரக்கு மறுபடி ஆழத்துக்குப் போனது.